சிறுவர்களுக்கான தங்கம் அரிக்கும் பெட்டி: தட்டு நன்று, கையேடு பிழை

மலையோ சுரங்கமோ அருகில் இல்லாத ஒரு சமவெளி ஓடைக்குப் பிள்ளைகளைத் தங்கம் அரிக்க அழைத்துப் போவதாகச் சொன்னபோது, கேட்ட அனைவரும் “அங்கே ஏது தங்கம்?” என்றே திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி அது. நான் வாங்கிய பெட்டியின் கையேடு அந்தக் கேள்வியைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் பெட்டிக்குள் இருந்த தட்டு அதற்கு மிகச் சரியான விடையைக் கொடுத்தது. 11 வயது மகளும் 7 வயது மகனும் மூன்று வார இறுதிகள் இதைப் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பெட்டியில் இருப்பவை: 25 செ.மீ. அகலமுள்ள பச்சை நிற பிளாஸ்டிக் தட்டு ஒன்று, அரை அங்குலக் கண்களுடைய சல்லடை, துகள்களை உறிஞ்சி எடுக்கும் சிறு பிளாஸ்டிக் புட்டி, ஒரு காந்தம், உருப்பெருக்கிக் கண்ணாடி, கண்ணாடிக் குப்பி, ‘உண்மையான பொன்துகள் கலந்தது’ என்று எழுதப்பட்ட ஒரு பை மணல், நான்கு பக்கக் கையேடு.

முதலில் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெட்டியின் மதிப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. உட்புறத்தில் வரிகள் ஓடும் அரிக்கன் சட்டியைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தட்டின் அமைப்பை விளக்கத் தேவையில்லை. கனமானது வரிகளில் தங்க, இலேசானது நீரோடு வழிந்து போக வேண்டும் என்ற ஒரே கருத்துதான் இரண்டுக்கும் அடிப்படை. தங்கத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 19.3 கிராம், சாதாரண மணலில் பெரும்பகுதியான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 கிராம் மட்டுமே. ஆகவே தட்டை நீருக்குள் வைத்து இடவலமாக நன்றாக உலுக்கினால் பொன் தானாகவே அடிக்குப் போய்விடும். பெரியவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 35 செ.மீ. தட்டை ஈர மணலுடன் ஒரு சிறுவனால் தூக்கிப் பிடிக்க முடியாது. அவன் கை தளரும்போது தட்டு சாய்ந்து, அடியில் சேர்ந்திருந்ததும் கொட்டிவிடும். இந்த 25 செ.மீ. அளவு என் மகனின் கைக்குச் சரியாகப் பொருந்தியது. தட்டு இரும்பாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருப்பதால் காந்தத்தை அதன் மேல் தடையின்றிப் பயன்படுத்தலாம். பச்சைப் பின்னணியில் கருமணலும் மஞ்சள் துகளும் தனித்தனியே கண்ணுக்குத் தெரிகின்றன. புதுத் தட்டில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையை மட்டும் முதலிலேயே சோப்பு நீரால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். இல்லையென்றால் மெல்லிய பொன்துகள்கள் அடியில் படியாமல் நீரின் மேற்பரப்பில் மிதந்து, கண்ணெதிரே வெளியேறிவிடும். எங்கள் முதல் நாள் அப்படித்தான் வீணானது.

பையில் வரும் மணலைக் குறித்து எனக்கு மனக்குறை உண்டு. தொழிற்சாலையில் கலந்து வைத்த துகளைத் தேடி எடுப்பதைக் கண்டுபிடிப்பு என்று பிள்ளைகளிடம் சொல்வது சரியல்ல. உறையின் மேல் அச்சிட்டிருக்கும் சுண்டைக்காய் அளவுப் பொற்கட்டிகளின் படம் அதைவிடத் தவறு. எனினும் அந்த மணலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினால் அது பெட்டியின் இரண்டாவது சிறந்த பொருளாகிவிடுகிறது. பையிலிருந்து எடுத்த துகள்களில் பத்தை எண்ணித் தனியே வைத்து, தங்கம் இல்லாத மணலில் கலந்து, ஒரு பெரிய தொட்டிக்குள் அரிக்கச் சொன்னேன். முதல் முறை மகளின் தட்டில் எஞ்சியவை நான்கு. தட்டைச் சாய்த்து நீரை அலையவிடுவதற்கு முன் போதிய அளவு உலுக்கவில்லை என்பதை அவளே கண்டுகொண்டு, ஐந்தாம் முறையில் ஒன்பதை மீட்டாள். எண்ணிக்கை கையில் இருந்தால் ஓடையில் ஒன்றும் கிடைக்காதபோது ‘இங்கே பொன் இல்லையா, நான் தவறவிட்டேனா?’ என்ற ஐயம் பிள்ளையை வாட்டாது. இந்தப் பயிற்சியைக் கையேடு ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

கையேட்டின் முதல் வாக்கியமே “எந்த ஓடையிலும் தங்கம் காத்திருக்கிறது” என்பது. இது உண்மையன்று. சமவெளி ஓடையில் தங்கம் இருக்க வேண்டுமென்றால் அதை எங்கிருந்தோ எதுவோ கொண்டுவந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தின் பாறைகளில் பொன் நரம்பு கிடையாது. ஆயினும் பிரவுன், மார்கன் கவுண்டிகளின் (மாவட்டங்களின்) ஓடைகளில் பொன்துகள் கிடைக்கிறது, ஏனெனில் பனியுகத்தில் கனடாவின் பாறைகளை அரைத்துச் சுமந்து வந்த பனியாறுகள் அங்கே உருகிச் சுமையை இறக்கின. ரைன் ஆறு ஆல்ப்ஸ் மலையிலிருந்து கொண்டுவரும் துகள்கள் தாளைவிட மெல்லியவை என்றாலும், 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் சிற்றரசுகள் அந்த ஆற்றுப் பொன்னில் டூகாட் நாணயம் அடித்தன. எங்கள் ஓடையும் பனியாறு விட்டுச்சென்ற சரளைக் கற்களுக்கிடையே ஓடுவது; அதைத் தெரிந்துகொண்ட பிறகே புறப்பட்டோம். கனமான பொன் வழக்கமாகப் போய்த் தங்கும் அடிப்பாறை இத்தகைய நிலத்தில் பெரும்பாலும் ஆழத்தில் இருப்பதால், இறுகிய களிமண் படிவத்தின் மேலும், ஓடை வளையும் இடத்தின் உட்புறச் சரளைத் திட்டிலும், பெரிய கற்களின் மறைவிலும் தேட வேண்டும். இவற்றைச் சொல்ல ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கம் இல்லாததால் பெட்டியை வாங்கும் எத்தனையோ குடும்பங்கள் பொன் இருக்கவே முடியாத மணலில் நாள் முழுவதும் நின்றுவிட்டுத் திரும்புவார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

கிடைத்ததை அடையாளம் காண்பதைப் பற்றியும் கையேட்டில் எதுவும் இல்லை. 1799இல் வட கரோலினாவின் லிட்டில் மெடோ ஓடையில் கான்ராட் ரீட் என்ற 12 வயதுச் சிறுவன் சுமார் 17 பவுண்டு எடையுள்ள மஞ்சள் கல்லொன்றைக் கண்டெடுத்தான். அது என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாததால் கதவு சாத்தாமலிருக்க முட்டுக்கொடுக்கும் கல்லாக மூன்று ஆண்டுகள் கிடந்து, 1802இல் ஒரு நகை வணிகருக்கு மூன்றரை டாலருக்கு விற்கப்பட்டது. அமெரிக்காவில் பதிவான முதல் தங்கக் கண்டெடுப்பு அதுதான். என் பிள்ளைகளுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு: மின்னியதெல்லாம் அவர்களுக்குப் பொன்னாகத் தெரிந்தது. தமிழில் அபிரகத்துக்குக் காக்காய்ப்பொன் என்ற பெயர் ஏன் வந்தது என்பதை அன்று நேரில் பார்த்தோம். சோதனை எளிதானது. தட்டின் மேல் கையால் நிழல் கொடுத்தால் காக்காய்ப்பொன்னின் மினுக்கம் அடங்கிவிடும், தங்கம் நிழலிலும் அதே மஞ்சளாக நிற்கும். ஊசி முனையால் அழுத்தினால் தங்கம் பள்ளம் விழுந்து வளையும், அபிரகம் ஏடாகப் பிரியும், பொன்போல் மின்னும் பைரைட் என்ற கனிமம் நொறுங்கும்.

தட்டின் அடியில் கடைசியாகத் தங்கும் கருமணலில் காந்தத்தை நேராக வைக்காதீர்கள். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மேலே நகர்த்தினால் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுத் துகள்கள் உறையில் ஒட்டிக்கொள்ளும், உறையை உருவியதும் உதிர்ந்துவிடும். என் மகன் பொன்னை மறந்து ஒரு மணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தான். கருமணலோடு செந்நிற கார்னெட் மணிகளும் சேர்ந்து வந்தன; அவற்றை அவன் தனிக் குப்பியில் சேர்த்து வைத்திருக்கிறான்.

மற்ற பொருள்களின் தரம் சீராக இல்லை. சல்லடை உறுதியானது. உருப்பெருக்கி பயனற்றது, பத்து மடங்கு பெருக்கும் சிறு கண்ணாடி ஒன்றைத் தனியே வாங்கினேன். உறிஞ்சு புட்டியின் குழாய் இரண்டாம் நாளே கழன்று, உள்ளே இருந்த இரண்டு துகள்களும் நீரோடு போயின. ஓடைக் கற்களுக்கு நடுவே சிறுவர் கையில் கண்ணாடிக் குப்பி இருப்பது ஆபத்து என்பதைத் தயாரிப்பாளர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் அதை மூடியிட்ட பிளாஸ்டிக் குழாயாக மாற்றிக்கொண்டோம். நில உரிமையாளரிடம் அனுமதி பெற வேண்டும், கரையைத் தோண்டக்கூடாது, குழிகளை மூடிவிட்டு வர வேண்டும், மீன்கள் முட்டையிடும் காலத்தில் சரளையைக் கலைக்கக்கூடாது என்ற எச்சரிக்கைகளும் கையேட்டில் இல்லை.

ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தொட்டிப் பயிற்சி மட்டும் போதும். ஓடையில் நெடுநேரம் குனிந்திருக்க அவர்களால் ஆகாது. அதற்கு மேற்பட்டவர்களுக்கு இந்தப் பெட்டியை வாங்கலாம், தட்டும் சல்லடையும் தனியாகக் கிடைத்தால் அதுவே மேல். மூன்று வார இறுதிகளில் எங்கள் குழாயில் சேர்ந்தவை பதினொரு துகள்கள். பெரியதன் அகலம் ஒரு மி.மீ.கூட இல்லை. பையில் வந்த துகள்களை அவற்றோடு கலக்கக்கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லி, ஓடைத் துகள்கள் இருக்கும் குழாயின் மேல் தேதியையும் ஓடை வளைவின் சிறு வரைபடத்தையும் ஒட்டி வைத்திருக்கிறாள்.