பதின்பருவத்தினருக்குப் பாலியல் நலத் தளம்: செயலியா, வாட்ஸாப்பா, கேள்விப்பெட்டியா, வெறும் பக்கங்களா?

‘சொப்பன ஸ்கலிதம்’, ‘கைப்பழக்கம்’, ‘நரம்புத் தளர்ச்சி’. இந்தச் சொற்களைப் பேருந்து நிலையச் சுவரொட்டியிலிருந்தும் லாட்ஜ் வைத்தியரின் துண்டறிக்கையிலிருந்தும் கற்றுக்கொண்ட தலைமுறைகள் தமிழ்நாட்டில் உண்டு. பாலியல் திறனைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. சுவரொட்டிகள் குறைந்துவிட்டன, அதே சரக்கு இப்போது தேடுபொறியிலும் யூடியூபிலும் விலைபோகிறது. பதின்பருவத்தினருக்காகத் தமிழில் ஒரு பாலியல் நலத் தளம் தொடங்குகிறவர் இந்தச் சந்தைக்குள்தான் கடை விரிக்கிறார்.

எந்த வடிவில் விரிப்பது என்பதை வசதிகளின் பட்டியலை வைத்து முடிவு செய்யும் குழுக்கள் பெரும்பாலும் செயலியில் போய் நிற்கின்றன. எங்கள் கணக்கில் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: பிள்ளை கையில் இருக்கும் போன் யாருடையது? கேள்வி வந்தால் பதில் சொல்லும் ஆள் ஆறு மாதம் கழித்தும் இருப்பாரா?

போன் யாருடையது

பல வீடுகளில் பதினைந்து வயதுப் பெண்ணிடம் சொந்த போன் இல்லை. அம்மாவுடையது அல்லது அண்ணனுடையது. செயலி இங்கேயே தோற்றுவிடுகிறது. முகப்புத் திரையில் அதன் படம் நிற்கும், அறிவிப்பு மணி அடிக்கும், பிளே ஸ்டோரின் நிறுவல் வரலாற்றில் பெயர் பதியும். நீக்கினாலும் அந்த வரலாறு போகாது. இதற்கு மேல் 15, 20 எம்.பி. இறக்க வேண்டும், நிரம்பி வழியும் பழைய ஆண்ட்ராய்டு போனில் முதலில் பலியாவதும் இந்தச் செயலிதான். தனிப்பட்ட கணக்கில் புதிதாக வெளியிடுவோர் 12 பேரை வைத்து 14 நாள் மூடிய சோதனை நடத்திய பிறகே பொதுவில் விட முடியும் என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நாள்காட்டி போலத் தினமும் திறக்கும் காரணம் ஒன்று இல்லையென்றால் செயலி வேண்டாம்.

வாட்ஸாப் எல்லோர் கையிலும் இருக்கிறது, கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் செய்தி அனுப்பிய நொடியில் பிள்ளையின் தொலைபேசி எண் உங்களிடம் வந்துவிடுகிறது. அப்பாவின் போன் என்றால் அது அப்பாவின் எண். பதில் வரும்போது யார் கையில் போன் இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. தானியங்கிப் பட்டியல் வைக்கலாம் என்றால் தமிழ் இடம் கொள்ளாது: பதில் பொத்தான்கள் மூன்றே, ஒவ்வொன்றிலும் 20 குறிகள். ‘அவசரக் கருத்தடை மாத்திரை’ என்பதை ஒற்று, கொம்பு, கால் எல்லாம் சேர்த்து எண்ணினால் 24. பொத்தானில் அடங்காது, பட்டியல் வரியின் உச்சவரம்பான 24-இல் மயிரிழையில் அடங்கும். பயனர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் ஆகிவிட்டால், முன்கூட்டி ஒப்புதல் பெற்ற வார்ப்புச் செய்திதான் அனுப்ப முடியும். சனிக்கிழமை கேட்டவருக்குத் திங்கட்கிழமை பதில் எழுதும் குழுவுக்கு இது சுவர்.

யூடியூப், இன்ஸ்டாகிராம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேடி வருகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வாசலாக வையுங்கள், வீடாக வேண்டாம். உங்கள் மூன்று நிமிடக் காணொளி முடிந்ததும் பக்கத்தில் வந்து நிற்பது ‘ஒரே வாரத்தில் வீரியம்’ வகையறா. தளத்துக்குள் காணொளியைப் பதிக்கும்போது, பார்ப்பவரைப் பின்தொடரும் குக்கீ இல்லாத முகவரியைப் பயன்படுத்துங்கள், கருத்துப் பெட்டியை மூடிவிடுங்கள்.

மிச்சமிருப்பது சாதாரண வலைப்பக்கம். நிறுவ வேண்டாம், எண் தர வேண்டாம், தனி உலாவல் சன்னலில் திறந்து மூடிவிடலாம்.

பக்கங்களைக் கட்டும் விதம்

உலாவியிலேயே எழுதித் திருத்தும் வேர்ட்பிரஸா, பக்கங்களை முன்கூட்டியே முழுதாகத் தயாரித்து வைக்கும் ஹியூகோ போன்ற நிலைப்பக்கக் கருவியா? வேர்ட்பிரஸில் எழுத்தாளர் தானே திருத்தலாம். ஆனால் புதுப்பிக்காத ஒரு பிளகின் (கூடுதல் வசதிக்கான துணைநிரல்) போதும், தளம் சூதாட்டப் பக்கத்துக்கோ ஆபாசப் பக்கத்துக்கோ திருப்பிவிடப்படும். சமையல் தளத்துக்கு அது தொல்லை. இப்படிப்பட்ட தளத்துக்கு, பள்ளிகள் உள்ளே விட்ட ஒரே வாரத்தில் அப்படி நடந்தால், கதை முடிந்தது. நிலைப்பக்கத்தில் உடைக்க ஏதுமில்லை, இலவசமாகவே இடம் கிடைக்கும், டொமைன் செலவு மட்டும். இடைவழியும் உண்டு: வேர்ட்பிரஸை உள்ளே பூட்டி வைத்து எழுதுங்கள், சிம்ப்ளி ஸ்டாட்டிக் போன்ற பிளகின் மூலம் நிலைப்பக்கங்களாக வெளியே தள்ளுங்கள். ஆள் குறைந்த குழுவுக்கு இதைத்தான் சொல்வோம்.

பக்க முகவரியில் தமிழ் எழுத்து வேண்டாம். ‘மாதவிடாய்’ என்ற சொல்லில் ஒன்பது குறிகள். நகலெடுத்து அனுப்பும்போது ஒவ்வொன்றும் ஒன்பது குறிகளாக விரிந்து 81 ஆகும். வாட்ஸாப்பில் அதைப் பார்ப்பவர் மோசடி இணைப்பு என்றே நினைப்பார். ஆங்கிலத்தில் ‘செக்ஸ்’ என்று வைத்தாலோ பள்ளிக் கணினியின் வடிகட்டி தடுத்துவிடும். வெறும் எண் போதும். உலாவியின் வரலாற்றில் முகவரியோடு பக்கத் தலைப்பும் தெரியும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். உள்ளே எவ்வளவு வெளிப்படையாகவும் எழுதுங்கள். தலைப்புக் குறியில் ‘வளரிளம் பருவம் – பகுதி 12’ என்று இருக்கட்டும். இதனால் தேடலில் சற்றுப் பின்தங்குவீர்கள். அந்த இழப்பை ஈடுகட்ட, பெயர் சொல்லித் தேடும் தலைப்புகளுக்கு மட்டும், அதாவது மாதவிடாய், பரு, உடல் வளர்ச்சி போன்றவற்றுக்கு, நேரடித் தலைப்பு வையுங்கள்.

‘சட்டென்று வெளியேறு’ பொத்தானை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். சாதாரண இணைப்பாக வைத்தால் ‘பின்செல்’ அழுத்தியதும் பழைய பக்கம் திரும்ப வந்து நிற்கும். இருக்கும் பக்கத்தை மாற்றீடு செய்யும் கட்டளையில் அந்த ஒரு பக்கமாவது பின்வரிசையிலிருந்து போய்விடும்; அதற்கு முன் படித்தவை போகா, அதையும் பயனருக்குச் சொல்லிவிட வேண்டும். பிரிட்டன் அரசுத் தளங்களின் வடிவமைப்பில் ஷிஃப்ட் விசையை மூன்று முறை தட்டினால் வெளியேறலாம். போனில் அந்த விசை இல்லாததால் திரையின் அடியில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் பட்டையாக வையுங்கள். போய்ச் சேரும் இடம் வானிலைப் பக்கமாக இருந்தால் இயல்பாக இருக்கும்.

‘உங்களுக்கு 18 வயது ஆகிவிட்டதா?’ என்று கேட்கும் வாசல் தேவையா என்றால், தேவையில்லை. யாருக்காகக் கட்டினோமோ அவர்களையே திருப்பி அனுப்பும், அல்லது பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்கும். யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியில் 5–8, 9–12, 12–15, 15–18+ என்று வயதுவாரியாகப் பாடங்களை அடுக்கியிருக்கிறார்கள். அந்த அடுக்கை எழுத்தில் காட்டுங்கள், பூட்டில் வேண்டாம். படங்களுக்கு உறுப்புப் பெயர் குறித்த கோட்டோவியம் போதும். புகைப்படம் தேடல் வடிகட்டியிலும் பெற்றோர் கூட்டத்திலும் ஒரே நேரத்தில் சிக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் ஆபாசப் பிரிவுகள் அறிவியல், கல்வி நோக்கத்துக்கு விலக்கு அளிக்கின்றன என்றாலும், விலக்கை நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

பயனர் கணக்கு திறக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள். அவர்கள் தரவைத் தொடப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், நடத்தையைப் பின்தொடர்வதும் குறிவைத்த விளம்பரமும் கூடாது, மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. மருத்துவமனை, பள்ளி போன்றவற்றுக்கு வரையறைக்குட்பட்ட விலக்குகள் உண்டு; தனித்து இயங்கும் தளம் அதை நம்பி இறங்கக் கூடாது. சுய இன்பம் பற்றிப் படிக்க அப்பாவிடம் ஒப்புதல் வாங்கி வா என்று சொல்லும் தளத்துக்கு யார் வருவார்? எத்தனை பேர் எந்தப் பக்கம் படித்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போதும். குக்கீ இல்லாத எண்ணிக்கைக் கருவியைச் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்விப்பெட்டி

இங்கேதான் பெரும்பாலான தளங்கள் அறியாமல் காலை விடுகின்றன. படிக்க மட்டும் இருக்கும் பக்கம் ஒரு புத்தகம். கேள்விப்பெட்டி வைத்த அன்றே அது ஒரு புறநோயாளிப் பிரிவு.

முதலில் நேரம். அவசரக் கருத்தடை மாத்திரையான 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். முந்திப் போட்டால் பலன் கூடும். எச்.ஐ.வி. தொற்று வாய்ப்புக்குப் பின் எடுக்கும் தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் தொடர வேண்டும். ‘மூன்று வேலை நாளில் பதில்’ என்று பெட்டியின் மேல் எழுதுகிறவர், காத்திருக்கச் சொல்லிக் கதவை மூடுகிறார். ஆகவே நேரம் பார்க்கும் இந்த இரண்டு விஷயங்களும் பெட்டிக்குள் போகக் கூடாது. முகப்பிலேயே சிவப்புப் பட்டையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கென்று எழுதுகிறவர் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: இங்கே பல மருந்துக் கடைகளில் அந்த மாத்திரை இருப்பில் இருக்காது. ‘அருகிலுள்ள மெடிக்கலில் வாங்குங்கள்’ என்று வேறு மாநிலத் தளத்திலிருந்து பெயர்த்து எழுதிய வரி அந்தப் பெண்ணைக் கடை கடையாக அலையவிட்டு நேரத்தைத் தின்றுவிடும். ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, ஐந்து நாளுக்குள் காப்பர்-டி என்ற மாற்றுவழி, மூன்றையும் எழுதுங்கள்.

அடுத்தது சட்டம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவருடன் பாலுறவு குற்றமே. இருவரும் விரும்பினார்கள் என்பது அங்கே செல்லாது. குற்றம் நடந்ததை அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று ஐயம் கொண்டவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ‘எனக்கு 17, அவனுக்கு 19, நாள் தள்ளிப் போயிருக்கிறது’ என்ற ஒற்றை வரி உங்கள் குழுவை இந்தப் பிரிவுக்குள் இழுத்துவிடும். பெயர் கேட்கவில்லை, எனவே தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் கடமை இல்லை என்று பிரிவில் எங்கும் இல்லை. வழக்கறிஞரை வைத்து நடைமுறையை எழுதிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும்.

எச்சரிக்கை வாசகம் பெட்டிக்கு மேலே இருக்க வேண்டும், அனுப்பு பொத்தானுக்குக் கீழே பொடி எழுத்தில் அல்ல: ‘பெயர், பள்ளி, ஊர் எழுத வேண்டாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு நடந்த பாலியல் குற்றத்தை எங்களிடம் சொன்னால், காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை எங்களுக்கு உண்டு. இப்போதே உதவி வேண்டுமானால் குழந்தைகள் உதவி எண் 1098.’ அதே பக்கத்தில், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் அடையாளத்தைப் போக்சோ தகவலில் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எழுதுங்கள். பயந்து போலி மருத்துவரிடம் போகிறவரை அது நிறுத்தும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பாதுகாவலரின் எழுத்துமூல ஒப்புதல் தேவை என்பதையும் மறைக்கக் கூடாது.

மூன்றாவது ஆள்பலம். ஒரு பதிலுக்கு 20 நிமிடம், நாளைக்கு 30 கேள்வி என்று வைத்தால் பத்து மணி நேர வேலை; மருத்துவர் சரிபார்ப்பது தனி. மானியம் தீர்ந்ததும் முதலில் நிற்பது இதுதான், பெட்டி மட்டும் திறந்தே கிடக்கும்.

தனிப்பட்ட பதிலை விட நல்லது, தொடர்பு விவரம் வாங்காமல் கேள்வியை மட்டும் சேர்ப்பது. ஒரே மாதிரியானவற்றைக் கூட்டி, அடையாளம் தரும் சொற்களை உரித்து, வாரம் ஒரு நாள் பொதுப் பதிலாக வெளியிடுங்கள். கேட்டவர் வந்து படித்துக்கொள்வார். கேட்கத் துணியாதவரும் படிப்பார்.

உரையாடும் இயந்திரம்

செயற்கை நுண்ணறிவு அரட்டையை விற்க வருகிறவர் இதையெல்லாம் தீர்த்துவிடுவதாகச் சொல்வார். வாங்கும் முன் ஐந்து வாக்கியம் கொடுத்துப் பாருங்கள்: ‘முழுகாம இருக்கேன்’, ‘தூரம் வரலை’, ‘தலைக்குக் குளிச்சு ரெண்டு மாசமாச்சு’, ‘வெள்ளை போகுது’, ‘கனவுல வெளியாகிடுச்சு’. கர்ப்பத்தைச் சொல்லும் முதல் வாக்கியத்துக்கு நீச்சல் பற்றியோ குளியல் பற்றியோ பேச ஆரம்பித்தால் அப்போதே தெரிந்துவிடும். அதே வாக்கியங்களை ஆங்கில எழுத்தில் தட்டியும் பாருங்கள். பிள்ளைகள் அப்படித்தான் தட்டுவார்கள். சரியாகப் புரிந்துகொண்டாலும் மாத்திரை அளவைச் சரளமாகத் தவறாகச் சொல்லிவிடக்கூடியது இது.

நூறு, நூற்றைம்பது பதில்களை மருத்துவர் ஒப்புதலோடு எழுதி வைத்து, தேடல் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுக்கும்படி செய்வது பாதுகாப்பு. பொருந்தாவிட்டால் ‘தெரியவில்லை, மருத்துவ உதவி எண் 104-ஐ அழையுங்கள்’ என்று ஒதுங்கட்டும். இதற்கு வேண்டியது பெரிய இயந்திரமே அல்ல, நல்ல சொற்பட்டியல்.

எந்தத் தமிழ்

சில பாடநூல்களின் ‘கலவிக் கால்வாய்’ எந்தப் பிள்ளையும் தட்டாத சொல். ‘பிறப்புறுப்பு’ மரியாதையானது, ஆனால் எதைச் சொல்கிறது என்று தெரியாது; புண் எங்கே என்று மருத்துவரிடம் சொல்ல அது உதவாது. கொச்சையை அப்படியே போட்டால் ஆசிரியர் பக்கத்தைத் திறக்கமாட்டார். வெளியே தெரிவதற்குப் பெண்குறி, உட்பாதைக்கு யோனி, ஆண்குறி, விதைப்பை, கருப்பை, ஆணுறை என்று பக்கத்தில் ஒரே சொல்லைத் தொடர்ந்து வையுங்கள். கொச்சை, வட்டார வழக்கு, ஆங்கில எழுத்து வடிவம் மூன்றும் தேடல் பட்டியலில் மறைவாக இருக்கட்டும். ‘தீட்டு’ என்று தேடினால் மாதவிடாய்ப் பக்கம் வர வேண்டும். பக்கத்தில் அந்தச் சொல் வரக் கூடாது. ‘கற்பு’, ‘கெட்டுப்போதல்’ இரண்டையும் முதல் வரைவிலேயே தேடி நீக்கிவிடுங்கள். பால்புதுமையினர் பற்றி எழுத 2022-இல் தமிழ்நாடு அரசிதழில் வெளியான சொற்பட்டியல் இருக்கிறது. புதிதாகச் சொல் படைக்க வேண்டாம்.

முதல் கட்டத்துக்கு இருபது பக்கமும் சிவப்புப் பட்டையும் போதும்; கேள்விப்பெட்டி ஆறு மாதம் கழித்து. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையம் இலவசம் என்பதும், ஆன்டிஜென்–ஆன்டிபாடி ஆய்வகப் பரிசோதனை என்றாலும் 45 நாள் கடந்த பிறகே ‘தொற்று இல்லை’ என்ற முடிவை உறுதியாக நம்பலாம் என்பதும் அந்த இருபதுக்குள் வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சரிபார்த்த தேதி இருக்கட்டும். 1098 (குழந்தைகள்), 1097 (எச்.ஐ.வி.), 104 (மருத்துவம்), 14416 (மனநலம்) என்று நீங்கள் அச்சிட்ட உதவி எண்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரவு பத்து மணிக்கு மேல் நீங்களே அழைத்து, தமிழில் யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள்.