கோட்டையை விட்டு மடம் புகுந்தவர்: ஒரு சிறுநூல் மதிப்புரை

தருமபுரியில் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில், நூறு ரூபாய்க்கும் குறைவான விலையில் கிடைக்கும் இந்தச் சிறுநூல், பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் 1090இல் பிரபு குடும்பத்தில் பிறந்து துறவியான புனித பெர்நார்துவின் வாழ்க்கையைச் சொல்கிறது. முதல் பாதிக்காகவே இதை வாங்கலாம்; பின்பாதி வாசகரிடம் பலவற்றை மறைக்கிறது.

1113ஆம் ஆண்டு வாக்கில் சீத்தோ மடத்துக்குச் சென்ற பெர்நார்து, சகோதரர்களும் உறவினர்களும் நண்பர்களுமாக ஏறத்தாழ 30 பேரை உடன் அழைத்துச் சென்றார். குடும்பச் சொத்து முழுவதும் இனி உனக்கே என்று கடைக்குட்டி நிவார்டிடம் மூத்தவர் சொன்னதாகவும், விண்ணுலகை நீங்கள் எடுத்துக்கொண்டு மண்ணை எனக்கு விடுவது சரியான பாகப்பிரிவினை ஆகாது என்று மறுத்த அவனும் பின்னாளில் மடம் புகுந்ததாகவும் வழங்கும் கதையை ஆசிரியர் நிதானமாகவும் நயமாகவும் எழுதியிருக்கிறார். வரப்புத் தகராறுக்காகப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறுவோர் உள்ள நம் மாவட்டத்தில் அந்தப் பக்கங்களுக்குத் தனிச் சுவை உண்டு.

மடத்தின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிய பகுதியும் சிறப்பானது. தருமபுரியின் பழம்பெயரான தகடூரில் இருந்த சமணப் பள்ளிக்கு 9ஆம் நூற்றாண்டில் கொடை வழங்கப்பட்டதைக் கல்வெட்டுகளால் அறிந்த நமக்குக் கொடை பெறும் மடம் புதிதல்ல. ஆனால் கொடையாக வந்த நிலத்தையும் குடிகளிடம் விட்டு வாரம் வாங்காமல் துறவிகளே உழைத்துப் பயிரிட வேண்டும் என்ற சீத்தோ மடத்தாரின் பிடிவாதம் வியப்பளிக்கிறது.

1115இல் கிளேர்வோ மடத்தை நிறுவிய பிறகுதான் பெர்நார்துவின் வாழ்க்கை உண்மையில் சிக்கலாகிறது. உலகைத் துறந்தவர் 1146இல் வெசலே நகரில் இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டிப் பேசினார். அப்போது திருத்தந்தையாக இருந்த மூன்றாம் யூஜின் அவருடைய மடத்தில் துறவியாக வாழ்ந்தவர். 1148இல் அந்தப் போரில் சிலுவைப் படையினரின் தமாஸ்கு முற்றுகை தோற்றதும் பழி பெர்நார்துவின் மீதும் விழுந்தது. இத்தனையையும் ஒரே பத்தியில் கடந்துவிட்டு, அறிஞர் அபெலார்டுடன் நடந்த மோதலைப் பற்றி நூல் வாயே திறக்கவில்லை. புனிதரின் பெயருக்குக் குறை வந்துவிடுமோ என்ற அச்சம் இதற்குக் காரணமாக இருக்கலாம்; எனினும் மடத்துக்குள் இருந்துகொண்டே அரசர்களை அசைத்த மனிதரை அதனால் நாம் பாதிதான் அறிகிறோம்.

எழுத்துரு பெரியது, முதியவர்களும் படிக்கலாம். தாள் மெலிது, ஒரே ஊர்ப்பெயர் பக்கத்துக்குப் பக்கம் வேறு எழுத்துகளில் வருகிறது, நிலப்படம் இல்லை. கடையில் புரட்டிப் பார்த்து வாங்க விடுகிறார்கள் என்றாலும், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கூட்டம் சேர்ந்துவிடுவதால் வார நாளில் போவது நல்லது.