ஸ்மார்ட், குரோ, வூப்: இலக்கு வைப்பதற்கு எது உருப்படியான வழி?

லைஃப் கோச்சிங் பக்கம், அதாவது வாழ்க்கையில் நினைத்ததை எட்ட வழிகாட்டும் பயிற்சிப் பக்கம் போனால், முதல் வகுப்பிலேயே இந்த மூன்று முறைகளில் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மூன்றும் அவற்றின் படிகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர்கள். மூன்றும் ஒரே வேலையைச் செய்வது போலத்தான் பேச்சு இருக்கும். ஒரே ஆளை மூன்றிலும் உட்கார வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அதற்கு, தனியார் வேலை பார்த்துக்கொண்டே டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுத நினைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு, கோச்சிங் சென்டர் போக நேரமும் இல்லை, பணமும் இல்லை.

ஸ்மார்ட்தான் இருப்பதிலேயே பழையது. 1981-இல் ஜார்ஜ் டோரன் ஒரு நிர்வாக இதழில் எழுதியது: இலக்கு குறிப்பாக, அளக்கக்கூடியதாக, நடக்கக்கூடியதாக, காலக்கெடுவோடு இருக்க வேண்டும். இன்னொன்றும் இருந்தது, வேலைக்கு யார் பொறுப்பு என்பது. பின்னால் வந்தவர்கள் அதை எடுத்துவிட்டு "எட்டக்கூடியதா" என்று போட்டுவிட்டார்கள். மேலாளர்கள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கப் பிறந்த சாமான் இது, அந்த வாசனை இன்னும் போகவில்லை.

நம்ம ஆள் இதில் என்ன எழுதுவார்? "அடுத்த குரூப் 4-இல் 300-க்கு 250 எடுப்பேன்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கட்-ஆஃப் அவர் கையில் இல்லை, அது எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை காலியிடம், வினாத்தாள் எவ்வளவு கடினம் என்பதைப் பொறுத்தது. 250 எடுத்தும் கிடைக்காமல் போகலாம். ஸ்மார்ட்டை அவர் உருப்படியாகப் பயன்படுத்த வேண்டுமானால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, "இந்த மாதக் கடைசிக்குள் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகம் முடிப்பேன்" என்று எழுத வேண்டும். கடினமான, குறிப்பான இலக்கு நல்ல பலன் தரும் என்று உளவியலாளர்கள் எட்வின் லாக்கும் கேரி லேதமும் ஏராளமான ஆய்வுகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள், சரி. அதே லேதம்தான், புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய சிக்கலான வேலையில் மதிப்பெண் இலக்கைவிடக் கற்றல் இலக்கு மேல் என்றும் சொல்கிறார். இந்த இரண்டாவது பாதியை வகுப்புகளில் யாரும் சொல்வதில்லை.

குரோ வேறு ரகம். 1980-களில் பிரிட்டனில் கிரஹாம் அலெக்சாண்டர், ஆலன் ஃபைன், ஜான் விட்மோர் ஆகியோர் கையில் உருவானது (விட்மோர் முன்னாள் கார் பந்தய வீரர், 1965-இல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன்). இதன் வேர் திமோதி கால்வேயின் டென்னிஸ் பயிற்சி முறையில் இருக்கிறது. "மட்டையை இப்படிப் பிடி" என்று சொல்லாமல், பந்து எங்கே விழுகிறது என்று ஆடுபவரையே கவனிக்க வைப்பது அவர் வழி. அதனால் குரோவில் எல்லாமே கேள்விதான்: என்ன வேண்டும், இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழி இருக்கிறது, எதை எப்போது செய்யப்போகிறாய்.

இரண்டாவது கேள்வி நம்ம ஆளுக்குத் தங்கம். பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் வைத்து எழுதித் திருத்தினால் நிலவரம் தெரிந்துவிடும். 200 கேள்வியில் 100 தமிழ், அதில் 150 மதிப்பெண்ணுக்கு 60 வராவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ் நன்றாக வருகிறது, 25 திறனறிவுக் கணக்கில்தான் அடிவாங்குகிறார் என்று தெரிந்தால் படிப்பே வேறு திசையில் போகும். முதல் கேள்வியும் லேசுப்பட்டதில்லை. அரசு வேலை வேண்டும் என்பது அவர் ஆசையா, வீட்டின் ஆசையா? ஸ்மார்ட் இதைக் கேட்கவே கேட்காது.

குறை என்னவென்றால் குரோவுக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். தனக்குத் தானே கேட்டுக்கொண்டால் பிடித்த பதிலைத்தான் சொல்லிக்கொள்வோம். நம் வீடுகளில் அக்காவையோ மாமாவையோ கேட்கச் சொன்னால் இரண்டாவது கேள்வியிலேயே அறிவுரை ஆரம்பித்துவிடும், அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன் விஏஓ ஆன கதை வேறு. தன் கருத்தைச் சொல்லாமல் கேட்க மட்டும் தெரிந்த ஒரு நண்பர் இருந்தால் குரோ அருமை. இல்லாவிட்டால் வெறும் படிவம்.

வூப்பை உருவாக்கியவர் உளவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கன். 1991-இல் தாமஸ் வாடனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களில், மெலிந்துவிட்டதாக இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்குத்தான் ஓராண்டில் எடை குறைவாகக் குறைந்தது. ஆசைப்பட்டதையெல்லாம் படமாகப் பலகையில் ஒட்டிவைக்கும் விஷன் போர்டைச் சிபாரிசு செய்பவர்கள் இதைப் படித்தார்களா தெரியவில்லை. வூப்பில் ஆசை, அது நிறைவேறினால் கிடைப்பது, நமக்குள்ளே இருக்கும் தடை, பிறகு "இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்" என்ற திட்டம், இவ்வளவுதான். கடைசிப் படி உளவியலாளர் பீட்டர் கோல்விட்சருடையது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்த "நடந்தால், செய்வேன்" முறைக்கு நல்ல பலன் இருப்பதாகச் சொன்னார்கள்.

நம்ம ஆள் "நேரமில்லை" என்பார். வூப் அதை ஒத்துக்கொள்ளாது, உள்ளே என்ன என்று கேட்கும். தோண்டினால், சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்தால் பதினொன்றரை ஆகிவிடுகிறது என்று வரும். "சாப்பிட்டதும் போன் பக்கம் கை போனால், முதலில் பத்து கணக்கு போடுவேன்." இந்த ஒரு வரி, 250 மதிப்பெண் என்று சுவரில் ஒட்டுவதைவிட அதிகம் செய்யும் என்பது என் எண்ணம். தடை தாண்ட முடியாதது என்று தெரிந்தால் இலக்கையே விட்டுவிடலாம் என்பதும் வூப்பில் அடக்கம், இது எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் உண்மையிலேயே இரண்டு ஷிஃப்ட் பார்ப்பவரிடமும், படுத்த படுக்கையான பெற்றோரைக் கவனிப்பவரிடமும் போய் தடை உனக்குள்ளேதான் இருக்கிறது என்று சொன்னால் அது அராஜகம். பாடத்திட்டத்தை மாதவாரியாகப் பிரிக்கவும் வூப் உதவாது.

தனியாகப் படிப்பவருக்கு என் தேர்வு வூப்தான், கூடவே மாதத்துக்கு ஒரு ஸ்மார்ட் வரி. எழுதலாமா வேண்டாமா என்றே குழப்பம் இருந்தால் முதலில் குரோ. காசு கொடுத்து கோச் வைப்பதென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்தியாவில் லைஃப் கோச் என்று பலகை மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐசிஎஃப் தரும் முதல்நிலைச் சான்றுக்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும், அது இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் சந்திப்பில் அவர் கேள்வி கேட்டதைவிடப் பேசியது அதிகமாக இருந்தால் அந்தப் பணத்துக்கு பழைய வினாத்தாள் தொகுப்பு வாங்கிவிடலாம்.