உள்பக்கக் கிளிப்பும் என் பேச்சும்: 23 மாத அனுபவம்

பல்லின் உள்பக்கமாக ஒட்டும் கிளிப்பை, அதாவது லிங்குவல் பிரேசஸை, கழற்றி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 2022 ஆகஸ்டில் மேல்வரிசை ஒட்டினார்கள், அக்டோபரில் கீழ்வரிசை. 2024 ஜூலையில் இரண்டையும் எடுத்தார்கள். பல் நன்றாகவே நேராகிவிட்டது, அதில் எனக்கு முழுத் திருப்தி. ஆனால் போடுவதற்கு முன் பேச்சு என்ன ஆகும் என்று நான் தேடியபோது கிடைத்ததெல்லாம் "சில நாட்களில் பழகிவிடும்" என்ற ஒரே வரிதான். நான் போன கிளினிக்கிலும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு ஐந்து வாரம் ஆனது. அதனால் பேச்சைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ரிசல்ட் வந்ததும் போனில் கூப்பிட்டுச் சொல்வது என் பொறுப்பு. ஒரு நாளைக்கு 60, 70 பேரிடம் பேச வேண்டும். 31 வயதில், நாள் முழுக்க ஆட்களைப் பார்க்கிற வேலையில், வெளியே தெரிகிற கிளிப் வேண்டாம் என்றுதான் உள்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் உறையான அலைனரை ஒரு நாளில் 20 மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்க வேண்டும் என்றார்கள். அந்த ஒழுங்கு என்னால் முடியாது என்று தோன்றியது.

கிளிப் ஒட்டிய மறுநாள் வேலைக்குப் போனேன். முதல் போன் ஒரு பெரியவருக்கு. "ஐயா, வெறும் வயித்துல சுகர் தொண்ணூத்தாறு" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு நடுங்கிய குரலில், "தொள்ளாயிரமாம்மா?" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டும் சாதாரண நாளிலேயே போனில் குழப்புகிற சொற்கள். என் வாயில் அன்று 'தொ'வும் சரியாக வரவில்லை, 'ண்ணூ'வுக்குப் பிறகு வந்ததும் எச்சிலோடு கரைந்துவிட்டது. "ஒன்பது, ஆறு. நூறுக்கும் கீழதான் ஐயா, நல்லா இருக்கு" என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார். அன்றிலிருந்து எந்த எண்ணையும் தனித்தனி இலக்கமாகவும் சொல்கிறேன். கேட்டவரைத் திருப்பிச் சொல்லவும் வைக்கிறேன். கிளிப் போன பிறகும் அதை விடவில்லை.

எந்த எழுத்து கெடும், எது தப்பும் என்பதை நான் அனுபவித்துத்தான் கண்டுபிடித்தேன். எல்லோரும் 'ழ' போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். போகவில்லை. வாழைப்பழம், கிழமை எல்லாம் முதல் நாளிலேயே தெளிவாக வந்தன. ழ, ள, ட, ண இவற்றுக்கெல்லாம் நாக்கு மேலே வளைந்து பின்னால் போகிறது, அங்கே கிளிப் இல்லை. அடிபட்டவை த, ந, அப்புறம் ஸ என்று ஒலிக்கும் ச. அண்பல்லின் அடியில் நாநுனி பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டுகளான பிராக்கெட்டுகள் உட்கார்ந்திருப்பது மேல்பல்லின் அதே பின்பக்கத்தில்தான். 'தாத்தா' என்று சொன்னால் நாக்கு பல்லைத் தொடாமல் உலோகத்தைத் தொட்டது. 'சர்க்கரை', 'சீரம்', 'ஃபாஸ்டிங்' மூன்றிலும் காற்று வேறு வழியாகக் கசிந்து 'ஷ' மாதிரி ஒலித்தது. ல, ற கொஞ்சம் மழுங்கின, ஒரே வாரத்தில் திரும்பிவிட்டன.

முதல் வாரம் பேசாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தது என் தவறு. சனி, ஞாயிறு வாயையே திறக்கவில்லை. திங்கட்கிழமை வெள்ளிக்கிழமையை விட மோசமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் தினமும் சாயங்காலம் 15 நிமிடம் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்பார்கள். நான் பேப்பரை மேலிருந்து படிப்பேன். முதல் சொல்லே 'தினத்தந்தி'. எனக்கு வராத த, ந இரண்டும் அந்த ஒரு சொல்லில் இருந்தன. புரியாத இடத்தில் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "மறுபடி சொல்லு" என்பார்கள், அவ்வளவுதான். ஆறுதல் சொல்லவில்லை, திருத்தவும் இல்லை. அதுதான் எனக்கு அப்போது தேவைப்பட்டது. நான்காவது வாரம் ஒரு நாள் பக்கம் முழுவதும் படித்து முடித்துவிட்டேன், அம்மா ஒருமுறைகூட நிறுத்தவில்லை. இருவருமே அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

நாக்கு தானாகவே ஒரு புது இடத்தைத் தேடிக்கொள்கிறது. 'த'வுக்கு நுனியை விட்டுவிட்டு, அதற்குச் சற்றுப் பின்னால் உள்ள தட்டையான பகுதியை வைத்து அழுத்தினேன். 'ஸ'வுக்கு நாக்கை ஒரு நூலளவு பின்னால் இழுத்தேன். வேகத்தைக் குறைத்ததும் பாதி சரியாகிவிட்டது.

கீழ்வரிசை போட்டபோது பேச்சு அவ்வளவு கெடவில்லை, புண்தான் அதிகம். நாக்கின் ஓரம் கம்பியில் உரசி உரசி வெள்ளையாகப் புண்ணானது. டாக்டர் தந்த மெழுகை உருட்டி பிராக்கெட்டின் மேல் அப்பினால் வலி குறையும், ஆனால் வாய் இன்னும் தடித்துப் பேச்சு குழறும். அதனால் இரவில் மெழுகு, வேலை நேரத்தில் வெறும் வாய் என்று வைத்துக்கொண்டேன். காலையும் இரவும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில் நாக்கு பழகிவிட்டது. கம்பி மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓரிரு நாள் லேசாகக் குழறும். அந்தத் தேதிகளை வெள்ளி மாலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாப்பாட்டில் முறுக்கு, சீடை, கரும்பு மூன்றையும் இரண்டு ஆண்டுகள் தொடவில்லை. கீரை நார் உள்ளே சிக்கினால் நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கும், பேச்சும் கெடும். மதியம் சாப்பிட்டதும் சின்னக் கண்ணாடியும் சின்ன பிரஷும் இல்லாமல் நான் போனைத் தொட்டதில்லை.

செலவு வெளிப்பக்க உலோகக் கிளிப்பை விட மிக அதிகம். அதிலும் இரண்டு வகை உண்டு: பொதுவாகக் கிடைக்கும் பிராக்கெட், நம் பல்லின் அளவெடுத்துச் செய்யும் பிராக்கெட். இரண்டாவது பல்லோடு ஒட்டித் தட்டையாக இருப்பதால் நாக்குக்கு இடைஞ்சல் குறைவு. பணம் காரணமாக நான் முதல் வகையைப் போட்டேன். பேசியே பிழைக்கிறவர் என்றால் கொஞ்சம் தாமதித்தாவது பணம் சேர்த்து இரண்டாவதைப் போடுங்கள் என்பேன். எனக்குச் செய்த மாதிரி இரண்டு வரிசையையும் இடைவெளி விட்டு ஒட்டச் சொல்லுங்கள். முதல் நான்கைந்து நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் எடுங்கள், ஆனால் வீட்டில் பேசிக்கொண்டே இருங்கள். வேலை இடத்தில் "பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கேன், புரியலைன்னா கேளுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். அதுவரை எனக்கு உடம்பு சரியில்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கழற்றிய அன்று மேல்பல்லின் பின்பக்கம் கண்ணாடி போல வழுவழுவென்று இருந்தது. இரண்டு நாள் 'த' மறுபடி தடுமாறியது, அங்கே இல்லாத உலோகத்தை நாக்கு தேடியது. இப்போது பல் நகராமல் இருக்க முன்பற்களுக்குப் பின்னால் மெல்லிய ரீடெய்னர் கம்பி ஒன்று ஒட்டியிருக்கிறது. அது பேச்சில் தெரிவதில்லை. பேப்பர் வாசிப்பு மட்டும் நிற்கவில்லை, அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருப்பதால் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கம் வரை நான்தான் படித்துக் காட்டுகிறேன்.