வயல் கிராம்புச் செடிகளை அறியப் பூவா, காயா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நெல்வயல்களில் பெரும்பாலும் மஞ்சளாகப் பூக்கும் கிராம்புச் செடிகள், ஈவ்னிங் பிரிம்ரோஸ் குடும்பமான ஓனக்ரேசியைச் சேர்ந்த லுட்விஜியா இனங்கள். இவற்றைப் பிரித்தறியப் பூவைப் படமெடுத்துக் கைபேசிச் செயலியிடம் கேட்டும் பார்த்தேன். காயைக் கீறி, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் வைத்தும் பார்த்தேன். இப்போது சட்டைப் பையில் இருப்பது லென்ஸ்தான்.

செயலி விரைவானது, செலவில்லாதது. வெண்பஞ்சு போன்ற மிதவை வேர்களோடு வாய்க்காலில் படர்ந்து, அடியில் மஞ்சள் தோய்ந்த ஐந்து வெள்ளை இதழ்களை விரிக்கும் லுட்விஜியா அட்செண்டென்ஸ் இனத்தை அது தவறவிட்டதில்லை; அதற்குச் செயலியே தேவையில்லை. சிக்கல், வரப்பில் நிமிர்ந்து நிற்கும் மூன்று மஞ்சள் பூ இனங்களில் இருக்கிறது: ஆக்டோவால்விஸ், ஹிஸ்ஸோபிஃபோலியா, பெரென்னிஸ். ஆக்டோவால்விஸின் பூ பெரிதுதான். ஆனால் இதழ்கள் விரைவில் உதிர்ந்துவிடுவதால் மதியத்துக்கு மேல் போனால் படமெடுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஹிஸ்ஸோபிஃபோலியாவுக்கு மகரந்தத்தாள்கள் எட்டு, பெரென்னிஸுக்குப் பெரும்பாலும் நான்கு என்றாலும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் இதழுள்ள பூவின் படத்தில் அவற்றை எண்ணுவது எப்படி? எனக்குச் செயலி இரண்டையும் மாற்றி மாற்றியே சொன்னது.

காய் அப்படி ஏமாற்றுவதில்லை. சூலகம் புல்லிகளுக்குக் கீழே அமைவதால், புல்லிகள் காயின் உச்சியிலேயே தங்கி, அதை நீண்ட கிராம்பாகக் காட்டுகின்றன. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த, மலபார்ச் செடிகொடிகளைப் பற்றிய லத்தீன் நூலான ஹோர்த்துஸ் மலபாரிகுஸிலும் இச்செடிகளுக்குக் ‘கராம்பு’ என்றே பெயர். மலையாள நாட்டாரின் கண்ணும் முதலில் காயில்தான் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஆக்டோவால்விஸின் காய் நான்கு சென்டிமீட்டர் வரை நீண்டு, எட்டு நரம்புகளோடு திரண்டிருக்கும். பெரென்னிஸின் காய் குட்டையானது, தோல் மெல்லியது. ஹிஸ்ஸோபிஃபோலியாவின் காயோ குச்சிபோல் மெலிந்து, மேற்பகுதியில் மட்டும் புடைத்திருக்கும். நகத்தால் நெடுகக் கீறினால், மேலே பல வரிசை விதைகள் தூளாக உதிர, கீழே ஒவ்வோர் அறையிலும் ஒற்றை வரிசையாக, ஒவ்வொரு விதையும் தனித்தனிக் கெட்டி உறையில் சிக்கியிருப்பதைக் காணலாம். மற்ற இரண்டிலும் இந்த இரட்டை அமைப்பு கிடையாது. அறுவடைக்குப் பிறகு இலையெல்லாம் உதிர்ந்து நின்ற ஒரு காய்ந்த தண்டைக்கூட இப்படிக் கீறித்தான் ஹிஸ்ஸோபிஃபோலியா என்று உறுதிசெய்தேன்.

மலைச் சதுப்புகளில் வளரும் மற்றோர் லுட்விஜியா இனமான பெருவியானாவை நான் ஒரே ஒருமுறை பார்த்ததோடு சரி. ஆகவே இந்த முறை வயற்புறத்துக்கு மட்டும் என்று கொள்ளவும். பூவும் காயும் இல்லாத இளஞ்செடி இரண்டு வழிக்கும் பிடிபடாது. களையெடுக்கும் அக்காமாரிடம் சொல்லி வரப்போரம் ஒன்றிரண்டை விட்டுவைத்து, காய்க்கும்வரை காத்திருக்கிறேன்.