கர்ப்ப காலத்தில் புல்லாங்குழலா, நாகசுரமா, சாக்ஸபோனா?

கருவுற்றிருக்கும் கலைஞருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, “இனி தம் கட்டி ஊதாதே அம்மா” என்பதுதான். மதுரை பொன்னுத்தாய் நாகசுரத்துடனும் சிக்கில் சகோதரிகள் புல்லாங்குழலுடனும் மேடையேறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் அதற்கு மேல் விவரமாக எவரும் சொல்வதில்லை. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் மூச்சைவிட, வாத்தியத்தின் எடையும் உட்காரும் விதமும் பக்கத்தில் முழங்கும் தவிலும்தான் அதிகம் யோசிக்க வேண்டியவை.

கர்ப்பத்தின் பிற்பகுதியில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசை சுமார் 4 செ.மீ. மேலே ஏறுகிறது. விலாக்கூடு அகன்று ஈடுகட்டுவதால், முழுமையாக இழுத்து விடக்கூடிய காற்றின் அளவு ஏறக்குறைய மாறுவதில்லை. மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் தங்கும் இருப்புதான் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆக்ஸிஜன் தேவையோ கூடுகிறது. நீண்ட சங்கதியின் (பாட்டு வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் இசைத்தொடரின்) முடிவில் மூச்சு பொசுக்கென்று தீர்ந்துபோவது இதனால்தான். சங்கதியை இரண்டாகப் பிரித்து வாசித்தால் போயிற்று.

மூன்றில் புல்லாங்குழலுக்கே முதலிடம் தருவேன். அதற்கு வாய்க்குள் வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல். தம்ளர் தண்ணீரில் 10 செ.மீ. ஆழத்துக்கு உறிஞ்சுகுழலை விட்டுக் குமிழி ஊதும் அளவுதான். மூங்கிலின் எடை ஒரு பொருட்டல்ல, வயிற்றிலும் படாது. ஒரு குறை உண்டு: காற்றில் கணிசமான பகுதி துளைக்கு வெளியே வீணாகிறது. கர்ப்பிணியின் இரத்தத்தில் கரியமில வாயு இயல்பாகவே குறைந்திருக்கும் நிலையில், வேகமாக ஊதிக்கொண்டே போனால் தலை சுற்றலாம். வெறும் வயிற்றில் சாதகம் (பயிற்சி) வேண்டாம். நின்றும் வேண்டாம்.

நாகசுரத்தின் கதை வேறு. அதன் ஊதுமுனையான இரட்டை நாக்குச் சீவாளி நல்ல அழுத்தம் கேட்கும். அடிவயிறும் இடுப்புத்தளமும் இறுகும், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு எதுக்களிக்கும். முதல் மூன்று மாதங்களில் சீவாளி நாவில் பட்டாலே குமட்டுகிறவர்களும் இருப்பார்கள். கர்ப்பத்தில் மூக்கடைப்பு சகஜம் என்பதால், கன்னத்தில் காற்றைத் தேக்கி மூக்கால் மூச்சிழுக்கும் வித்தையும் கைகொடுக்காமல் போகலாம். இவ்வளவும் சமாளிக்கக் கூடியவையே. நீளமான நாகசுரமாகிய பாரி நாயனத்தின் அணசு (விரிந்த அடிப்பகுதி) வயிற்றை விட்டு விலகித்தான் இருக்கும். நாற்காலியில் அமர்ந்து, மேல்ஸ்தாயியில் நெடுநேரம் நிற்காமல் வாசிக்கலாம்.

சமாளிக்க முடியாதது தவில். கருவிலுள்ள குழந்தைக்கு 24 வாரமளவில் செவி ஒலியை உணரத் தொடங்குகிறது. பனிக்குடமும் வயிற்றுச் சுவரும் கீச்சொலிகளை மட்டுப்படுத்துகின்றன. தவிலின் தொப்பி எனப்படும் தாழ்ந்த ஒலிப் பக்கத்தின் ஆழ்ந்த முழக்கத்தை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. காதடைப்பான் வைத்துக்கொண்டால் தாயின் செவிக்குத்தான் பாதுகாப்பு. 115 டெசிபலும் அதற்கு மேலுமான ஓசையைக் கர்ப்பிணிகள் காதடைப்பானுடன்கூடத் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. ஒரு மண்டபத்துக்குள் இரண்டு தவில் சேர்ந்து கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், நான் சொல்வது புரியும். இத்துடன் சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்காக நின்றும் நடந்தும் ஊதுவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறாம் மாதத்துக்குப் பின் வீதியுலாவை விட்டுவிட்டு, தவிலைத் தள்ளி அமர்த்திய சிறு கச்சேரியோ வீட்டுச் சாதகமோ போதும் என்பேன். வளைகாப்புக்கு நாயனம் கேட்கிறவர்கள், நாயனக்காரம்மாவுக்கும் ஒரு நாற்காலி போடலாமே!

சாக்ஸபோனை நான் கடைசியில் வைக்கிறேன். ஊதுவதற்கு அது நாகசுரத்தைவிட எளிது. ஆனால் ஆல்டோ வகை சாக்ஸபோன் ஏறத்தாழ 2.5 கிலோ, கழுத்துப்பட்டையில் தொங்கும் அந்தச் சுமை, ஏற்கெனவே வளைந்து வலிக்கும் முதுகின் மீது விழுகிறது. கர்நாடக இசையைச் சாக்ஸபோனில் வாசித்த கத்ரி கோபால்நாத்தைப் போலச் சம்மணமிட்டு வாசித்துப் பழகியவர்களுக்கு, ஏழாம் மாதத்தில் மடிக்கும் வயிற்றுக்கும் நடுவே வாத்தியத்தை வைக்க இடமே இருக்காது. அதிரும் உலோகத்தை வயிற்றில் சாய்த்துக்கொள்வதும் நல்லதல்ல. தோள்களில் மாட்டும் பட்டைகளும் உயரமான நாற்காலியும் கொஞ்ச காலம் உதவும். கிளாரினெட் இதைவிட இலகு என்றாலும் எடை முழுவதும் வலது கட்டைவிரலில் நிற்கிறது. கர்ப்பத்தில் மணிக்கட்டு வீங்கி விரல் மரத்துப்போகிறவர்களுக்கு அது ஆகாது.

மருத்துவரிடம் “பாட்டு வாசிக்கிறேன்” என்று பொதுவாகச் சொன்னால், தாராளமாக வாசியுங்கள் என்றுதான் பதில் வரும். எந்த வாத்தியம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், நின்றா உட்கார்ந்தா, தவில் எத்தனை அடி தூரத்தில் என்று விவரமாகச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் ஏறியிருந்தாலோ, நஞ்சுக்கொடி கருப்பையின் கீழ்ப்பகுதியில் அமைந்திருந்தாலோ, குறைப்பிரசவ அபாயம் இருந்தாலோ, அவர் சம்மதம் தரும்வரை புல்லாங்குழலையும் எடுக்க வேண்டாம். வாசிக்கும்போது உதிரப்போக்கு, நீர்க்கசிவு, விட்டுவிட்டு வயிறு இறுகுதல், பார்வை மங்குதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கச்சேரியைப் பாதியில் நிறுத்திவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலும் அப்படியே.