நொரோன்யா தீவு: அரணையா, புழுப்பல்லியா?

பிரேசில் கரையிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்கில் கிடக்கிறது ஃபெர்னாண்டோ டி நொரோன்யா. வேறெங்கும் இல்லாமல் அங்கே மட்டும் வாழ்கிற ஊர்வன இரண்டு: நொரோன்யா அரணை, நொரோன்யா புழுப்பல்லி. போய்வருகிறவர்கள் எடுக்கிற படமெல்லாம் அரணைதான். என் ஓட்டு புழுப்பல்லிக்கு.

அரணையிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கே திரும்பினாலும் கண்ணில் படும், ஆளைக் கண்டு அவ்வளவாக மிரளாது, தின்ன ஏதாவது சிந்துமா என்று பக்கத்திலேயே வந்து நிற்கும். முலுங்கு மரம் (நம்ம கல்யாண முருங்கைக்குப் பங்காளி) பூக்கிற காலத்தில் அதில் ஏறித் தேன் குடிக்கும், குடிக்கிற சாக்கில் மகரந்தத்தையும் பூவுக்குப் பூ கடத்திவிடும். அதன் நெருங்கிய சொந்தமெல்லாம் ஆப்பிரிக்கப் பக்கம். முன்னோர்கள் ஏதோ மிதவையில் கடலைத் தாண்டி வந்திருக்க வேண்டும்.

புழுப்பல்லியின் இனமோ பிரேசிலும் கரீபியனும் சார்ந்தது. கால் கிடையாது, கண் செதிலுக்கு அடியில் வெறும் புள்ளி, உடம்பெல்லாம் வளையம், கல்லுக்கடியிலும் மண்ணுக்குள்ளும் வாசம். பார்த்தால் மண்புழுதானே என்று தோன்றும், ஆனால் மண்டையோட்டை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: நத்தை ஓட்டை நொறுக்குவதற்கென்றே அமைந்த பல்லும் தாடையும்! இதற்கு முன்னால் தேன் குடிப்பதெல்லாம் எம்மாத்திரம்?

இதன் அறிவியல் பெயரில் இருப்பவர் ஹென்றி ரிட்லி. 1887இல் இந்தத் தீவுக்குப் போனவர், அப்புறம் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராகி ரப்பர் நடச் சொல்லித் தோட்டக்காரர்களை விடாமல் நச்சரித்தவர். மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிய நம்மவர்களின் கதையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

எழுத்தில் பதிவான பழமையில் இரண்டும் சமம்தான். இந்தத் தீவைத் தொட்ட 1503 பயணம் பற்றி, இத்தாலியக் கடலோடி அமெரிகோ வெஸ்பூச்சி பெயரில் வந்த கடிதத்தில் இரட்டை வால் பல்லியும் பாம்பும் வருகின்றன. வால் அறுந்து இரண்டாக முளைத்த அரணையாக முதலாவது இருக்கலாம். தீவுக்கென்று சொந்தப் பாம்பு இல்லாததால் இரண்டாவது நம்ம ஆளாகத்தான் இருக்கும்.

ஆபத்தில் அரணைக்குத்தான் அதிக அடி, வெளியே திரிவதால் பூனைகள் பிடித்துத் தின்கின்றன. போதாததற்கு எலியை ஒழிக்கவென்று தெகு என்ற பெரிய பல்லியை வேறு கொண்டுவந்து விட்டார்கள். எலி இரவில் அலையும், தெகு பகலில் அலையும், அப்புறம் எங்கே ஒழிப்பது!

சரி, ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் அரணையைப் பாருங்கள். புழுப்பல்லி வேண்டுமென்று கல்லையெல்லாம் புரட்டிப் போடாதீர்கள், அதன் வீடே அதுதான்.